யூனிக்ஸ் மேசைக்கு 4கே, 5கே மானிட்டர்: எந்தத் திரை, எந்தக் கார்டு, எந்தக் கேபிள்

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என யூனிக்ஸ் வகை இயங்குதளம் எதுவானாலும் சரி, நாள் முழுக்க டெர்மினலிலும் எடிட்டரிலும் உலாவியிலும் எழுத்தைப் பார்த்தே வேலை செய்கிறவர் தன் பணத்தில் பெரும்பகுதியை மானிட்டரில் போட வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொஞ்சம் ஒதுக்கினால் போதும். கேம் ஆடவும் வீடியோ எடிட் செய்யவும் வாங்குகிறவர்களின் கணக்கு வேறு. அது இங்கே வராது.

ஏன் கொஞ்சம் போதும்? 4கே திரையில் 3840 × 2160 பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு முழுத் திரை நினைவகத்தில் எடுத்துக்கொள்வது 33 எம்பிதான். மூன்று பிரதிகள் வைத்து மாற்றினாலும் 100 எம்பி. அதை நொடிக்கு 60 தடவை மானிட்டருக்கு அனுப்ப, நொடிக்கு 2 ஜிபி அளவுக்கு நினைவகத்திலிருந்து படிக்க வேண்டும். 4 ஜிபி நினைவகமுள்ள மிக எளிய கார்டுக்கே இது பெரிய வேலை இல்லை. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸும் தாங்கும், ஒரு நிபந்தனையோடு: ரேம் இரண்டு ஸ்டிக்காக இருக்க வேண்டும். டிடிஆர்4 2400 ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் மொத்தமே நொடிக்கு 19.2 ஜிபி; அதில் பத்தில் ஒரு பங்கு திரையைப் புதுப்பிக்கவே போய்விடும். மேலே கம்பாசிட்டர் சன்னல்களை ஒட்டி வரையும் வேலையும் சேர, ஸ்க்ரோல் செய்யும்போது திக்கும். புதுக் கார்டு வாங்குவதற்கு முன் இன்னொரு ரேம் ஸ்டிக் வாங்கிப் பாருங்கள்.

எத்தனை அங்குலம், எத்தனை பிக்சல்

யூனிக்ஸில் சன்னல்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பு எக்ஸ்11. அதில் மென்பொருள்கள் நெடுங்காலமாக அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற கணக்கில்தான் வரையப்பட்டு வந்தன. 24 அங்குலத் திரையில் 1920 × 1080 என்றால் 92. ஏறக்குறைய அதே அளவு. இதை இரண்டு மடங்காக்கினால் 192. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரும் திரை, யூனிக்ஸ் மேசையில் எந்தச் சிக்கலும் தராது. ஒவ்வொரு பொத்தானையும் கோட்டையும் முழு இரு மடங்காக வரைய, மென்பொருள்களின் முகப்பை வரையும் ஜிடிகே, கியூடி போன்ற இன்றைய கருவித்தொகுப்புகளுக்குத் தெரியும்.

24 அங்குல 4கே திரைக்கு 184 வருகிறது. மிகப் பொருத்தமான அளவு. ஆனால் தயாரிப்பாளர்கள் இந்த அளவைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். 27 அங்குல 5கே திரைக்கு, அதாவது 5120 × 2880க்கு, 218. இரு மடங்கில் வைத்தால் 2560 × 1440 அளவுக்கு இடம் கிடைக்கும், எழுத்து அச்சடித்ததுபோல் நிற்கும்.

கடைகளில் அதிகம் இருப்பது 27 அங்குல 4கே. அதற்கு 163. இதுதான் நடுவில் மாட்டிக்கொள்ளும் அளவு. அப்படியே விட்டால் எழுத்து மிகச் சிறிது. இரு மடங்காக்கினால் 1920 × 1080 இடம்தான் மிஞ்சும், எல்லாம் ஊதித் தெரியும். ஒன்றரை மடங்கு வேண்டும். 32 அங்குல 4கேக்கு 138; அதற்கும் 1.25 முதல் 1.5 வரை ஏதோ ஒரு பின்ன மடங்கு தேவை. ஆகவே இந்த அளவுகளை வாங்குகிறவர் முதலில் தன் மேசைச்சூழல் (க்னோம், கேடிஇ பிளாஸ்மா போன்றது) பின்ன மடங்கை எப்படிக் கையாளுகிறது என்று பார்க்க வேண்டும்.

எக்ஸ்11க்குப் பதிலாக வந்த புதிய அமைப்பான வேலண்டில் இதற்கான முறையான நெறிமுறை 2022 நவம்பரில் வந்தது. 2023 பிப்ரவரியில் வந்த கேடிஇ பிளாஸ்மா 5.27 அதை ஏற்றுக்கொண்டது. மென்பொருளும் அந்த நெறிமுறையைப் பேசினால் ஒன்றரை மடங்கிலேயே நேராக வரைந்து தரும், மங்கல் இல்லை. பேசாத மென்பொருள் இரு மடங்கில் வரைந்து தர, கம்பாசிட்டர் அதைச் சுருக்கும். 4கே திரையில் ஒன்றரை மடங்கு வைத்து எல்லாவற்றையும் இப்படி வரைந்தால், திரையில் இருக்கும் 83 லட்சம் பிக்சலுக்குப் பதில் 147 லட்சம் பிக்சல் வரைய வேண்டிவரும். பழைய மடிக்கணினிகளில் க்னோம் ஒன்றரை மடங்கில் தடுமாறியதற்கு இதுதான் காரணம். எக்ஸ்11க்காக எழுதப்பட்டு, வேலண்டுக்குள் எக்ஸ்வேலண்ட் என்ற இடைப்பாலம் வழியாக ஓடும் மென்பொருள்களின் கதை வேறு: அவை ஒரு மடங்கில் வரைந்து பெரிதாக்கப்படுவதால் புகை படிந்ததுபோல் தெரியும். பிளாஸ்மா 5.26 முதல் அவற்றையே தம் அளவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அமைப்பு உண்டு. க்னோமில் 47ஆம் பதிப்பில்தான், அதுவும் சோதனை அமைப்பாக, இது வந்தது. பழைய எக்ஸ்11 மென்பொருள்களை நிறையப் பயன்படுத்துகிறவருக்கு இன்றைக்குப் பிளாஸ்மாவே மேல்.

எக்ஸ்11 மேலேயே ஐ3, ஓபன்பாக்ஸ், சிடபிள்யுஎம் போன்ற எளிய சன்னல் மேலாளரை வைத்திருப்பவர்களுக்கு 27 அங்குல 4கே எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே ஒத்துப்போகும். எக்ஸ் ரிசோர்ஸஸ் கோப்பில் எக்ஸ்எஃப்டி டிபிஐ மதிப்பை 144 என்று எழுதினால், எழுத்துரு எல்லாம் ஒன்றரை மடங்காகும். கியூடி மென்பொருள்கள் பின்ன மடங்கை ஏற்கும். ஜிடிகே மென்பொருள்களில் எழுத்து மட்டும் பெரிதாகும். பட உருக்களும் இடைவெளிகளும் முழு எண் மடங்கில்தான் மாறும். அதோடு வாழ முடியும். கர்சர் அளவைத் தனியாக 36 அல்லது 48 என்று குறிப்பிட மறக்காதீர்கள். இல்லையென்றால் 4கே திரையில் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். பிட்மேப் எழுத்துருவை நம்பியிருக்கும் பழைய எக்ஸ் கருவிகள் எதற்கும் அசையாது.

தமிழ் வாசிக்கிறவர்களுக்கு அடர்த்தி கூடுதலாக முக்கியம். 11 புள்ளி எழுத்துக்கு 92 அடர்த்தித் திரையில் 14 பிக்சல் உயரம்தான் கிடைக்கிறது. ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ன’வுக்கு இரண்டு, 14 பிக்சலில் அந்தச் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும், ‘ணை’, ‘னை’ சொல்லை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டியிருக்கும். 163 அடர்த்தியில் அதே அளவு எழுத்துக்கு 25 பிக்சல், 218இல் 33. சுழியும் புள்ளியும் தனித்தனியாகத் தெரியும். பிழைதிருத்தம் செய்கிறவர், பழைய நூல்களைத் தட்டெழுதுகிறவர் 92 அடர்த்தித் திரையில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. இன்னொன்று, ஜிடிகே 4 வந்தபின் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்பிக்சல்களைக் கொண்டு எழுத்தைக் கூர்மையாக்கும் முறை அதில் இல்லை. சாம்பல் நிற மென்மையாக்கம் மட்டுமே. குறைந்த அடர்த்தித் திரையில் க்னோம் எழுத்து முன்பைவிட மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

மாடல்கள்

டெல் யு2723கியூஇ, 2022இல் வந்த 27 அங்குல 4கே. ஐபிஎஸ் பிளாக் பேனல் என்பதால் கான்ட்ராஸ்ட் 2000க்கு 1. சாதாரண ஐபிஎஸ் திரைகளில் சுமார் 1000தான். கறுப்புப் பின்னணி டெர்மினலை மாலை வெளிச்சத்தில் பார்க்கும்போது இந்த வித்தியாசம் உடனே தெரியும். யுஎஸ்பி-சி வழியாக 90 வாட், இரண்டு கணினிகளுக்கு ஒரே விசைப்பலகையை மாற்றும் வசதி, ஈதர்நெட், அடுத்த மானிட்டரைக் கோக்க டிஸ்ப்ளேபோர்ட் வெளியீடு எல்லாம் உண்டு. 60 ஹெர்ட்ஸ் மட்டுமே. 2025இல் வந்த யு2725கியூஇ 120 ஹெர்ட்ஸும் 3000க்கு 1 கான்ட்ராஸ்டும் தருகிறது. எழுத்து வேலைக்கு 60 போதும் என்றாலும், நீண்ட பதிவுக்கோப்புகளை ஸ்க்ரோல் செய்துகொண்டே படிப்பவருக்கு 120 உண்மையான சுகம்.

ஆசுஸ் புரோஆர்ட் பிஏ27ஜேசிவி, 2024இல் வந்த 27 அங்குல 5கே. 5கே திரை என்றாலே ஆப்பிள் கணினிக்குத்தான் என்ற நிலையை மாற்றியது இதுபோன்ற மாடல்கள்தான். டிஸ்ப்ளேபோர்ட், எச்டிஎம்ஐ, யுஎஸ்பி-சி மூன்றும் இருக்கின்றன, பொத்தான்களும் இருக்கின்றன. இதைச் சொல்லக் காரணம் உண்டு: ஆப்பிள் ஸ்டுடியோ டிஸ்ப்ளேயில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கப் பொத்தானே கிடையாது, யுஎஸ்பி வழியாகக் கட்டளை அனுப்பித்தான் மாற்ற வேண்டும். லினக்ஸில் அதற்குத் தனிக் கருவி நிறுவ வேண்டியிருக்கும். இரு மடங்கில் வைத்துவிட்டு மறந்துவிட விரும்புகிறவருக்கு, பட்ஜெட் இடம்கொடுத்தால், என் முதல் தேர்வு ஆசுஸ்தான்.

பென்க்யூ ஆர்டி280யு வேறு வகை: 28.2 அங்குலம், 3840 × 2560, அதாவது 3க்கு 2 விகிதம். 4கேயைவிட 400 பிக்சல் உயரம் கூடுதல். நிரல் எழுதுகிறவருக்கு அது அத்தனையும் பயன். அடர்த்தி 164 என்பதால் 27 அங்குல 4கேக்குச் சொன்ன பின்ன மடங்குச் சிக்கல் இதற்கும் அப்படியே பொருந்தும். 60 ஹெர்ட்ஸில் இதன் பிக்சல் கிளாக் (பிக்சல்களை அனுப்பும் வேகம்) எச்டிஎம்ஐ 2.0இன் 600 மெகாஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டும், ஆகவே டிஸ்ப்ளேபோர்ட்டில் இணையுங்கள்.

ஓஎல்இடி மானிட்டர்களைப் பணிமேசைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பணிப்பட்டையும் சன்னல் ஓரங்களும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும், தடம் பதியும். துணைப்பிக்சல் அமைப்பு வழக்கமான வரிசையில் இல்லாததால் எழுத்தோரத்தில் வண்ணக்கோடும் தெரியும்.

பழைய சந்தையில் ஒரு எச்சரிக்கை. 2013, 2014 காலத்து முதல் தலைமுறை 4கே, 5கே திரைகள் சில, கணினிக்கு இரண்டு மானிட்டர்களாகத் தம்மைக் காட்டிக்கொள்ளும். டெல் யுபி2414கியூ, ஆசுஸ் பிகியூ321கியூ இரண்டும் 60 ஹெர்ட்ஸில் இரண்டு 1920 × 2160 துண்டுகளாகத்தான் வரும். டெல் யுபி2715கே 5கேக்கு இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வேண்டும். துண்டுகளை ஒட்டி ஒரே திரையாக்கக் கெர்னலிலும் எக்ஸ் சர்வரிலும் வசதி இருந்தாலும், தூங்கி எழுந்ததும் ஒரு பாதி காணாமல்போவது போன்ற தொல்லைகள் வரும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கேபிளும் துளையும்

‘4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸில்தான் வருகிறது’ என்ற புகாரில் பெரும்பாலும் மானிட்டர் மேலும் தவறில்லை, கார்டு மேலும் தவறில்லை. 4கே 60 ஹெர்ட்ஸுக்கு, இடைவெளி குறைத்த டைமிங்கில், 533.25 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக் வேண்டும்; 24 பிட் வண்ணத்தில் நொடிக்கு 12.8 ஜிகாபிட். எச்டிஎம்ஐ 1.4 இதில் 30 ஹெர்ட்ஸ்தான் தாங்கும். எச்டிஎம்ஐ 2.0 தாங்கும், 8 பிட் வண்ணத்தில் மட்டும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 பயனுக்கு 17.28 ஜிகாபிட் தரும், 1.4 தருவது 25.92.

இன்டெல்லின் யுஎச்டி 630 கிராஃபிக்ஸ் உள்ள மதர்போர்டுகளில் நிறையப் பேர் விழும் குழி இருக்கிறது. அந்தக் கிராஃபிக்ஸுக்கு நேரடியாகத் தெரிந்தது எச்டிஎம்ஐ 1.4தான். போர்டு தயாரித்தவர் தனி மாற்றுச் சில்லு வைத்திருந்தால் ஒழிய எச்டிஎம்ஐயில் 60 கிடைக்காது. அதே போர்டின் டிஸ்ப்ளேபோர்ட்டில் கிடைக்கும். கேபிளை மாற்றினால் தீரும் சிக்கலுக்குப் புதுக் கார்டு வாங்காதீர்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் மலிவான அடாப்டர்களும் உதவாது. சில்லு இல்லாத அடாப்டர் அதிகபட்சம் 300 மெகாஹெர்ட்ஸில் நின்றுவிடும். ‘ஆக்டிவ்’ என்று குறிப்பிட்டு, 4கே 60 என்று உறுதி சொன்னதை மட்டும் வாங்குங்கள்.

யுஎஸ்பி-சியில் இன்னொரு நுணுக்கம். கேபிளில் நான்கு அதிவேகத் தடங்கள் இருக்கின்றன. மானிட்டரின் யுஎஸ்பி ஹப் முழு வேகத்தில் ஓட வேண்டுமென்றால் அதில் இரண்டு யுஎஸ்பிக்குப் போய்விடும், படத்துக்கு மிஞ்சுவது இரண்டு. மடிக்கணினி டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேகம் தந்தால் இரண்டு தடத்தில் 12.96 ஜிகாபிட், 4கே 60 நூலிழையில் நுழையும். 1.2 வேகம் மட்டுமே என்றால் 8.64, 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். டெல் மானிட்டர் மெனுவில் யுஎஸ்பி-சி முன்னுரிமை என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை உயர் தெளிவுத்திறனுக்கு மாற்றினால் நான்கு தடமும் படத்துக்கு வரும், ஹப் யுஎஸ்பி 2.0 வேகத்துக்குக் குறையும். விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் அது போதும்.

5கே 60 ஹெர்ட்ஸுக்கு 8 பிட்டில் சுமார் 22.5 ஜிகாபிட் வேண்டும், டிஸ்ப்ளேபோர்ட் 1.4 அமுக்கம் இல்லாமலே தாங்கும். ஒரே டிஸ்ப்ளேபோர்ட்டில் இரண்டு 4கே 60 மானிட்டர்களைக் கோக்க நினைப்பவர்கள் கவனிக்க: இரண்டுக்கும் சேர்த்து 25.6. காகிதத்தில் நுழைவதுபோல் தெரிந்தாலும் கோப்பதற்கான கூடுதல் சுமை சேர இடம் போதாது. நுழைக்க வேண்டுமென்றால், டிஎஸ்சி என்ற பட அமுக்கத்தை மானிட்டரும் கார்டும் இரண்டுமே அறிந்திருக்க வேண்டும். தனித்தனிக் கேபிள் போடுவதே நல்லது.

ஏஎம்டி கார்டு வைத்திருக்கும் லினக்ஸ்காரர்களுக்கு முக்கியமான ஒன்று. எச்டிஎம்ஐ 2.1 ஆதரவைத் திறமூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி எழுதிய நிரலை வெளியிட, எச்டிஎம்ஐ தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024இல் அனுமதி மறுத்தது. ஆகவே கார்டுப் பெட்டியில் 2.1 என்று அச்சடித்திருந்தாலும் அதை 2.0 என்றே கணக்கிட்டு வாங்குங்கள். 4கே 120 ஹெர்ட்ஸ், 5கே எல்லாவற்றுக்கும் டிஸ்ப்ளேபோர்ட். எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள டிவியை மானிட்டராக்க நினைத்தால், 120 ஹெர்ட்ஸில் வண்ணத் தகவல் வெட்டப்பட்டு எழுத்தோரம் கசியும். என்விடியாவில் இந்தத் தடை இல்லை. அந்த வேலையை அதன் ஃபர்ம்வேரே பார்த்துக்கொள்கிறது.

டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை இரண்டு மீட்டருக்கு மேல் வாங்க வேண்டாம். சான்றிதழ் இல்லாத மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் 20ஆம் பின் இணைக்கப்பட்டிருக்கும், மானிட்டரிலிருந்து 3.3 வோல்ட் கார்டுக்குள் ஏறும். கணினியை அணைத்த பிறகும் விளக்கு எரிவது, பவர் பொத்தானை அழுத்தினால் எழாமல் இருப்பது இதன் அறிகுறிகள்.

கார்டு

ஒரு அல்லது இரண்டு 4கே திரைக்கு ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 6400 போதும். 53 வாட், தனிப் பவர் கேபிள் வேண்டாம், டிரைவர் லினக்ஸ் கெர்னலிலும் மெஸா என்ற திறமூல கிராஃபிக்ஸ் நூலகத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு டிஸ்ப்ளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ, அவ்வளவுதான் துளைகள். குறையும் சொல்ல வேண்டும்: வீடியோ என்கோடிங் சில்லு இல்லை, ஏவி1 வீடியோவை வன்பொருளில் பிரிக்காது. நாள் முழுக்க வீடியோ கூட்டங்களில் இருப்பவர் இதைத் தவிர்க்கலாம். மூன்று நான்கு மானிட்டர் என்றால் ரேடியான் புரோ டபிள்யூ7500: 70 வாட், 8 ஜிபி, நான்கு டிஸ்ப்ளேபோர்ட் 2.1, ஒற்றை ஸ்லாட். விலை கூடுதல்தான், ஆனால் நான்கும் டிஸ்ப்ளேபோர்ட்டாக இருப்பது மேலே சொன்ன எச்டிஎம்ஐ தலைவலியை அடியோடு எடுத்துவிடுகிறது.

இன்டெல் ஆர்க் ஏ380, 6 ஜிபி, ஏவி1 என்கோடிங்கோடு வருகிறது. லினக்ஸ் 6.2 முதல் கூடுதல் அமைப்பு ஏதுமின்றி ஓடும். சும்மா இருக்கும்போதே மின்சாரம் அதிகம் இழுப்பது இதன் பழக்கம். பயோஸில் ஏஎஸ்பிஎம் என்ற மின்சேமிப்பு அமைப்பை இயக்கினால் குறையும்.

என்விடியா நிலை முன்னைப்போல் மோசமில்லை. 2024 ஜூனில் வந்த 555 டிரைவர், வரைந்து முடிந்த சட்டகத்தை மட்டும் காட்டவைக்கும் வெளிப்படை ஒத்திசைவைச் சேர்த்த பிறகு, வேலண்டில் சன்னல் மினுங்குவதும் பழைய சட்டகம் தெரிவதும் பெருமளவு நின்றன. டூரிங் தலைமுறை முதல் கெர்னல் பகுதி திறமூலமாகவும் கிடைக்கிறது. மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு 580தான் கடைசி டிரைவர் வரிசை. ஜிடிஎக்ஸ் 1050 போன்றவற்றைப் பழைய சந்தையில் இன்று வாங்குவது வீண். தூங்கி எழுந்ததும் எழுத்துகள் சிதைந்து தெரிந்தால், வீடியோ நினைவகத்தைப் பாதுகாக்கும் அமைப்பும் என்விடியாவின் சஸ்பெண்ட், ரெஸ்யூம் சேவைகளும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். கியூடா (என்விடியா கார்டிலேயே கணக்கீடு செய்யும் முறை) வேலை இருப்பவர் என்விடியா எடுக்கட்டும். எழுத்து வேலைக்கு மட்டும் என்றால் காரணமே இல்லை.

ஃப்ரீபிஎஸ்டியில் டிஆர்எம் கேமாட் தொகுப்பு லினக்ஸ் டிரைவரைக் கொண்டுவந்து பொருத்துகிறது, எப்போதும் சில பதிப்புகள் பின்தங்கியே. ஆகவே புத்தம்புதுத் தலைமுறைக் கார்டை விட்டு ஒரு தலைமுறை பழையதை வாங்குவதே அறிவு. நிறுவியபின் ஆர்சி கான்ஃப் கோப்பின் மாட்யூல் பட்டியலில் ஏஎம்டிஜிபியு அல்லது ஐ915கேஎம்எஸ் சேர்த்து, பயனரை வீடியோ குழுவிலும் சேர்க்க வேண்டும். இரண்டாவதை மறந்தால் திரை வரும், வன்பொருள் முடுக்கம் வராது. என்விடியாவின் சொந்த டிரைவரும் ஃப்ரீபிஎஸ்டிக்கு உண்டு. ஓபன்பிஎஸ்டியில் என்விடியாவுக்கு முடுக்கமே கிடையாது, ஏஎம்டியோ இன்டெல்லோதான். 2024 அக்டோபரில் வந்த 7.6ஆம் பதிப்பு, லினக்ஸ் 6.6இன் டிஆர்எம் என்ற கிராஃபிக்ஸ் டிரைவர் நிரலைக் கொண்டது. அதன் கன்சோல் ஸ்ப்ளீன் எழுத்துருவைத் திரைக்கேற்பப் பெரிதாக்கிக்கொள்வதால் 4கேயிலும் எறும்பு எழுத்து வராது.

இரண்டு வேறு மானிட்டர்

4கே ஒன்றும் பழைய 1080 ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. எக்ஸ்11இல் இரண்டும் ஒரே பெரிய பலகை. திரைக்கொரு மடங்கு கிடையாது. திரைகளை அமைக்கும் எக்ஸ்ரேண்டர் கட்டளையில் சின்னத் திரைக்கு 2 × 2 ஸ்கேல் கொடுத்து அதை 3840 × 2160 ஆக வரைந்து சுருக்கலாம். அளவு சரியாகும், எழுத்து சற்று மென்மையாகும். வேலண்டில் திரைக்கொரு மடங்கு இயல்பாகவே உண்டு. இதற்காக மட்டுமே எக்ஸ்11ஐ விட்டு மாறலாம். க்னோம் 49 எக்ஸ்11 அமர்வை இயல்பு நிலையில் அணைத்துவிட்ட இந்த நேரத்தில், மாறுவதைத் தள்ளிப்போடுவதில் லாபமும் இல்லை.

வேறு வேறு ஹெர்ட்ஸில் இரண்டு மானிட்டர் இருந்தால் ஏஎம்டி கார்டுகளில் நினைவகக் கிளாக் உச்சத்திலேயே நின்றுவிடுவதுண்டு. சும்மா இருக்கும்போதும் விசிறி சுற்றுவது அதனால்தான். இரண்டையும் ஒரே ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் இறங்கும்.

மானிட்டர் வந்த அன்றே, திருப்பித் தரும் காலம் முடியுமுன், இவற்றைப் பாருங்கள். எக்ஸ்ரேண்டர் பட்டியலில் நட்சத்திரம் 3840 × 2160க்கு நேராக 60இல் நிற்கிறதா. 30இல் நின்றால் கேபிளையும் துளையையும் சந்தேகியுங்கள். சிவப்பு எழுத்தை நீலப் பின்னணியில் எழுதிப் பாருங்கள். ஓரம் கசிந்தால் வண்ணத் தகவல் வெட்டப்படுகிறது. கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் எச்டிஎம்ஐ டிவிக்கான வரம்புக்குட்பட்ட வண்ணத்துக்குப் போயிருக்கிறது. இன்டெல்லில் பிராட்காஸ்ட் ஆர்ஜிபி என்ற பண்பை ஃபுல் என்று மாற்றினால் தெளியும். ஐ2சி-டெவ் மாட்யூலை ஏற்றி, மானிட்டர் அமைப்புகளைக் கணினியிலிருந்தே மாற்றும் டிடிசியூட்டில் கருவியால், வெளிச்சத்துக்கான 10 என்ற குறியீட்டுக்கு 60 என்று மதிப்புக் கொடுத்துப் பாருங்கள். வெளிச்சம் மாறினால் இனி மானிட்டர் பொத்தானைத் தடவ வேண்டாம். கடைசியாக, கணினியைப் பலமுறை தூங்கவைத்து எழுப்புங்கள். மானிட்டர் தூங்கும்போது டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பே அறுந்ததாகக் கணினி நினைத்துச் சன்னல்களை எல்லாம் இன்னொரு திரைக்குத் தள்ளினால், மானிட்டர் மெனுவில் ஆழ்ந்த உறக்க அமைப்பை அணையுங்கள். அதற்கும் மசியாத மாடலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.